தபாலின் இடது காது

எழுந்தேன். பாயைச் சுருட்டினேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து பாதியைக் காய்ச்சினேன், பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு ஆளுக்கு இது அதிகம். சின்ன பாக்கெட் போடச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், சொல்வதில்லை. காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். நேற்றைய சட்டைப் பையிலிருந்து பேனா, சாவி, தீப்பெட்டி மூன்றையும் எடுத்து இன்றைய சட்டைப் பைக்கு மாற்றினேன். நான் சிகரெட் பிடிப்பதில்லை.

கதவைப் பூட்டும்போது போன் அடித்தது. எபினேசர். என் மனைவி எப்சிபாவின் தம்பி.

"அத்தான், தபாலை இன்னைக்கு அடிமாட்டுக்கு ஏத்தி விடுதாவ. கேரளா வண்டி வருது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சு."

"ஏன்?"

"காது விழுந்துட்டு. எடது காது. இனி ஓடாதுன்னு சண்முகையா அண்ணாச்சி சொல்லிட்டாரு."

"பின்னால சாஞ்சிருக்கா, இல்ல சும்மா தொங்குதா?"

"என்னது?"

"காதுடா. பின்னால படுத்திருக்கா, செத்த மாதிரி தொங்குதா?"

அவன் தொழுவத்துக்கு நடக்கும் சத்தம் கேட்டது. "பின்னாலதான் கெடக்கு. கொஞ்சம் சரிஞ்ச மாதிரியும் இருக்கு. அத்தான், நீங்க ஒரு எட்டு வாங்களேன்."

நான் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். கடைக்குத் தாமதமாக வருவதாகச் செய்தி அனுப்பிவிட்டு, பைக்கைக் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் திருப்பினேன். போகும் வழியில்தான் கவனித்தேன், வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். வெகுநாளாக நான் எங்கும் வேகமாகப் போனதில்லை.

தபாலும் தந்தியும் என் மாமனார் ஜெபசிங்கின் பந்தய மாடுகள். கரிவலத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடை சோற்றுக்கு, மாடு சந்தோஷத்துக்கு என்பார். சுற்று வட்டாரத்தில் எங்கே மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தாலும் அந்தச் சோடி நிற்கும். ஓட்டுவது சண்முகையா அண்ணாச்சி, பனவடலிசத்திரத்துக்காரர். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார், மாட்டின் காதுகளைத்தான் பார்ப்பார். காது முன்னால் நின்றால் மாட்டுக்கு ஓட மனசு இருக்கிறது, விரட்டலாம். பின்னால் படுத்தால் மனசு விட்டுவிட்டது, கயிற்றைத் தளர்த்த வேண்டும். இந்தப் பக்கத்துச் சாரதிகள் எல்லாருக்கும் இதுதான் கணக்கு.

எப்சிபா கால்நடை மருத்துவர். நெல்லைக் கல்லூரியில் உடற்கூறியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்த ஆய்வு, வீட்டு விலங்குகளின் காதுத் தசைகள். ஆடு, மாடு, குதிரை, நாய். சோறு சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். "பசுவோட ஒரு காதைத் திருப்ப எத்தனை தசை தெரியுமா? ஒரு டஜனுக்கு மேல. நெத்திக்கும் காதுக்கும் நடுவுல ஒரு குருத்தெலும்புத் தகடு இருக்கு. எல்லாம் அங்க வந்து கட்டிக்கிடுது, நங்கூரம் மாதிரி. உங்களுக்கும் மூணு தசை இருக்கு. சும்மா சம்பளம் வாங்குது." சொல்லிவிட்டு என் காதுக்கு மேலே விரலை வைத்து அழுத்துவாள்.

விடுமுறைக்கு வந்தால் தபாலை நிறுத்தி, தலையில் கலர் சாக்பீஸால் தசைகளை வரைவாள். காதை முன்னால் இழுப்பவை சிவப்பு. பின்னால் இழுப்பவை நீலம். கீழே இழுப்பது மஞ்சள். கயிற்றைப் பிடித்து நிற்பது என் வேலை. "பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே மக்கா, இப்பவே வர்ணம் அடிக்கியே" என்பார் சண்முகையா. "நீங்க காதைப் பாத்து ஓட்டுதிய அண்ணாச்சி. காதை ஓட்டுறது யாருன்னு நான் பாக்கேன்" என்பாள் அவள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் நான் அழவில்லை. அழுகை வரவில்லை. என் மாமியார் ஹெலன் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

வீட்டுக்குப் பின்னால் தொழுவத்தில் எல்லாரும் நின்றார்கள். தபால் செவலை நிறம். வலது காது நிமிர்ந்து என் பக்கம் திரும்பியது. இடது காது பிடரியை ஒட்டிச் சரிந்து கிடந்தது.

"வாங்க மாப்ள," என்றார் மாமனார். குரலில் ஜீவன் இல்லை. "பாத்துட்டுப் போவலாம்னு வந்தியளா?"

"எப்பத்துல இருந்து மாமா?"

"லாடம் அடிச்ச மறுநாள்ல இருந்து. சத்தம் கேட்டு பயந்திருக்கும்னு விட்டோம். முந்தாநாள் பழக்கத்துக்கு ஓட்டினா, பாதி ரோட்டுல வண்டி குறுக்கப் போயிட்டு."

"மனசு விட்டுட்டு மாப்ள," என்றார் சண்முகையா. "அந்தக் காதைப் பாரும். படுத்துட்டு. நானும் கயித்தை விட்டுக் கொடுத்துப் பாத்தேன். தந்தி இழுக்கான், இவன் பின்தங்குதான். மனசு விட்ட மாட்ட வச்சி என்ன செய்ய?"

"காது விழுந்த மாடு வீட்டுல நிக்கப்படாதுன்னு அம்மாவும் சொல்லுதா," என்றான் எபினேசர் மெதுவாக. "இந்த வீட்டுக்கு ஒரு சாவு போதும்னு."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மாமியாரின் சேலை தெரிந்தது.

நான் தபாலிடம் போனேன். என் கை தானாகவே அதன் நெற்றிக்குப் போனது. சிவப்பு இங்கே. நீலம் அங்கே. சாக்பீஸ் எப்போதோ அழிந்துவிட்டது, என் கைக்குக் கோடு நினைவிருந்தது.

"தவிட்டு வாளியக் கொண்டா," என்றேன்.

எபினேசர் வாளியை முன்னால் வைத்து ஆட்டினான். வலது காது படக்கென்று முன்னால் வந்தது. இடது காது வரவில்லை. அடியில் ஒரு துடிப்பு மட்டும், பிறகு பழையபடி சரிவு.

"இப்ப பின்னால போயி மணிய ஆட்டு."

ஆட்டினான். இரண்டு காதும் பின்னால் திரும்பின. இடது காதும். வலதைவிட வேகமாக.

"மறுபடி ஆட்டு," என்றேன். மறுபடியும் திரும்பியது. "பாத்தியளா மாமா? பின்னால போகுது. கேக்குது. முன்னால மட்டும்தான் வர முடியல."

"முடியலயா, வர மாட்டேங்குதா?" என்றார் சண்முகையா.

அதுதான் கேள்வி. உதட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நேராக இருந்தது, எச்சில் வடியவில்லை. தவிட்டை அள்ளி வைத்தேன், ஒழுங்காக மென்றது. பிறகு என் தொழில். வலது கண்ணோரம் விரலைக் கொண்டுபோனேன், இமை மூடியது. இடது கண்ணுக்குக் கொண்டுபோனேன். விழி உள்ளே போனது, ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு வந்து மறைந்தது. இமை மூடவில்லை.

"கண்ணு சிமிட்டல மாமா. எடது கண்ணு சிமிட்டவே இல்ல."

"அதுக்கு?"

காதுக்கு முன்னால் கன்ன எலும்பின் வளைவைத் தடவினேன். ஒரு இடத்தில் மயிர் தேய்ந்திருந்தது. விரலுக்கு அடியில் சின்ன வீக்கம். வட்டமாக.

"லாடம் அடிக்கும்போது எந்தப் பக்கம் சாய்ச்சிய?"

"எடது பக்கம்," என்றான் எபினேசர். "ரோட்டோரம். அண்ணாச்சி கன்னத்துல முட்டிய வச்சிக்கிட்டாரு. இல்லன்னா தலையத் தூக்கிரும்லா."

"தலையில என்ன கயிறு கெடந்துச்சு?"

எபினேசர் ஓடிப்போய் ஆணியில் தொங்கியதை எடுத்து வந்தான். பந்தயத்துக்கென்று வாங்கிய புதுத் தலைக்கயிறு. ரெண்டு பக்கமும் பித்தளை வளையம் கோத்தது. வளையத்தை அந்த வீக்கத்தின் மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"கீழ கல்லு, மேல உங்க முட்டி, நடுவுல இது," என்றேன் சண்முகையாவிடம்.

"காலங்காலமா இப்பிடித்தானய்யா படுக்கப் போடுதோம்."

"காலங்காலமா சணல் கயிறுதான அண்ணாச்சி கெடந்துச்சு. வளையம் இப்பத்தான."

அவர் வளையத்தை வாங்கித் தன் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. காதுக்கு முன்னால் இழுக்க ஒரு கூட்டம் தசை, பின்னால் இழுக்க ஒரு கூட்டம். வண்டிக்குப் பிடிகயிறு மாதிரிதான். முன்னால் இழுப்பவற்றுக்கும் இமைக்கும் ஒரே நரம்பு, இந்த எலும்பின் மேல் ஏறித் தோலுக்கு அடியிலேயே போகிறது. பின்னால் இழுப்பவற்றுக்குப் போகும் நரம்பு அதற்கு முன்பே, காதுக்குப் பின்னால் பிரிந்துவிடுகிறது. உதட்டுக்குப் போவது இதற்குக் கீழே. மூளையில் கோளாறு என்றாலோ காதுக்குள் சீழ் என்றாலோ பெரும்பாலும் உதடும் சேர்ந்து தொங்கும், மாடு தள்ளாடும். இது வளையம் அழுத்திய இடத்துக்கு மேலே மட்டும். முன் கயிறு இல்லை, பின் கயிறு மட்டும் இழுக்கிறது, அதனால் காது பின்னால் கிடக்கிறது.

"மனசு விட்டதுனால படுக்கல அண்ணாச்சி. எழுப்பித் தூக்க ஆளு இல்ல, அதான் படுத்திருக்கு. நீங்க அதைப் பாத்துட்டுக் கயித்தைத் தளத்தினிய. கயிறு தளந்தா அது என்ன செய்யும்? மெதுவாப் போகச் சொல்லுதாருன்னு மெதுவாப் போச்சு. தந்தி இழுத்தான், வண்டி குறுக்கப் போயிட்டு."

மாமனார் என்னையே பார்த்தார். "மாப்ள, கல்யாணத்துக்குப் பொறவு மொத்தமா இவ்வளவு பேச்சு நீங்க பேசினதில்ல."

"இது அக்கா பேச்சுப்பா," என்றான் எபினேசர்.

வெளியே ஹார்ன் அடித்தது. சின்ன லாரி. வியாபாரி இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சடங்கு நடக்கா? ஏத்திருவமா?"

"கொஞ்சம் பொறும்வே. மாப்ள என்னமோ சொல்லுதாரு."

"காதுதான போச்சு? எனக்குக் காது எதுக்கு. நான் என்ன அதுட்ட ரகசியமா சொல்லப் போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் என் பக்கம் திரும்பினார். "காது திரும்பி வருமா மாப்ள?"

"நரம்பு அறுபட்டிருக்காது, நசுங்கியிருக்கு. வரும்னுதான் நினைக்கேன். வாரக்கணக்குல ஆகும். டாக்டர்கிட்டயும் காட்டணும். வராட்டாலும் காது இல்லாம ஓடலாம் மாமா. ஓட்டிப் பாப்போம். ஒரே ஒரு ஓட்டம். குளத்துக்கரை ரோட்டுல பம்ப் ரூம் வரைக்கும். ஓடலன்னா ஏத்திருங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்."

"தூசி விழுமே," என்றார் சண்முகையா. "கண்ணு சிமிட்டலங்கியரு."

அவர் கேட்டது நியாயம். எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். பிறகு மாமனாரைப் பார்த்தேன்.

"மாமா, கடையில டீ வடிகட்டி இருக்கா? கம்பி வலை வச்சது. பெருசா."

எபினேசர் பைக்கில் போய் வந்தான். கைப்பிடியை வெட்டினோம். விளிம்பில் பழைய துணியைச் சுற்றித் தைத்தோம். கண்ணில், தோள்பையில் எப்போதும் வைத்திருக்கும் சொட்டு மருந்தை விட்டேன். வடிகட்டியைக் கிண்ணம் போல இடது கண்ணின் மேல் கவிழ்த்து, கொம்போடு சேர்த்துக் கட்டினோம். தபால் ஒரு தடவை தலையை உதறிவிட்டு நின்றது.

"வெல்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போற மாதிரில்லா இருக்கான்," என்றார் வியாபாரி. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தோம். நானும்.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது. சண்முகையாவிடம் காதைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் நடக்காது. அவர் கண் அங்கேதான் போகும். எபினேசரின் துண்டையும் மாமனாரின் துண்டையும் வாங்கி, இரண்டு மாடுகளுக்கும் கொம்புக்குக் கொம்பு கட்டிக் காதுகளை மூடினேன்.

"ஏலே, என் கண்ணக் கட்டி விட்டாப்புலல்லா இருக்கு. நான் எதைப் பாத்து ஓட்ட?"

"கயித்தைப் பாருங்க. அது இழுக்குதா இல்லையான்னு கை சொல்லும். இழுத்தா நீங்களும் விடாதீங்க."

"நீரும் ஏறும் அப்போ. விழுந்தா சேந்து விழுவோம்."

ஏறினேன். பந்தய வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதுவும் குந்திக்கொண்டு. இத்தனை வருஷத்தில் நான் அதில் ஏறியதே இல்லை. இடது பக்கம் தபால், வலது பக்கம் தந்தி. எபினேசரும் மாமனாரும் ஒரு பைக்கில். வியாபாரி யாருடைய டி.வி.எஸ்ஸையோ எடுத்துக்கொண்டு பின்னால்.

சண்முகையா நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை, நடைதான். பிறகு துள்ளல். பிறகு ரோடு எங்களுக்கு அடியில் ஓட ஆரம்பித்தது. வண்டி கோணியது. தந்தி முந்தினான்.

"பின்தங்குதான் மாப்ள, பின்தங்குதான்."

"கயிறு? கயிறு என்ன சொல்லுது?"

"எடது கயிறு..." அவர் நிறுத்தினார். முழங்கையைப் பார்த்தார். "எடது கயிறு விறைப்பா நிக்கி."

"அப்போ விடாதீங்க. சேத்துப் பிடிங்க."

பிடித்தார். நுகத்தடி நேரானது. அது நேரானதை உடம்பு உணர்ந்தது, ஏதோ பூட்டு விழுந்த மாதிரி. தபால் தலையைத் தாழ்த்தியது. வடிகட்டி வெயிலில் பளபளத்தது. அடுத்த நிமிஷம் இடது பக்கம் முன்னால் இருந்தது. தந்திதான் இப்போது பின்னால்.

"ஏய் போறாண்டா," என்று பைக்கிலிருந்து மாமனார் கத்தினார். "எபினேசரு, போறாண்டா பாரு."

வியாபாரி பக்கவாட்டில் வந்தார். துண்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே, "விடாதீரும் அண்ணாச்சி, விடாதீரும், நல்லா வருதான்," என்று அவர் போட்ட கூச்சல்தான் பெரிது. எதற்காக வந்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. குளத்துக்கரைக் கொக்குகள் மொத்தமாக எழுந்தன. காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் சட்டைப் பையையும் பிடித்துக்கொண்டேன். நானும் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு, நீலம் என்று கத்தினதாக எபினேசர் பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை.

பம்ப் ரூமைத் தாண்டிப் போய்விட்டோம். திருப்பி வரும்போதும் தபால் இழுத்தது. தொழுவத்து வாசலில் நிறுத்தியபோது தந்திக்கு விலா அடித்துக்கொண்டது. தபால் இன்னும் காலை மாற்றி மாற்றி வைத்தது.

சண்முகையா இறங்கினார். கையை விரித்துக் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தார். போய்த் தபாலின் துண்டை அவிழ்த்தார். காது அப்படியே பிடரியை ஒட்டிக் கிடந்தது.

"கயித்துல பேசுதான்வே," என்றார். "இவ்வளவு நேரமும் கயித்துல பேசிக்கிட்டே வந்தான். காது ஒரு வார்த்தை சொல்லல."

மாமனார் வியாபாரியிடம் போனார். அவர் பேசுவதற்குள் வியாபாரியே கையை ஆட்டினார். "இத ஏத்திட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது அண்ணாச்சி. காபி மட்டும் தாரும்."

"ஞாயித்துக்கெழமைப் பந்தயம்?" என்றான் எபினேசர்.

"வேண்டாம்," என்றேன். "கண்ணு சிமிட்டுற வரைக்கும் வேண்டாம். பந்தயம் எங்க போகுது."

"அதான் சரி," என்றார் சண்முகையா.

வடிகட்டியை அவிழ்த்தேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. மறுபடி சொட்டு விட்டேன். மூடாத அந்தக் கண்ணிலிருந்து மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. பின்னால் கொலுசு இல்லாத காலடி கேட்டது. மாமியார். கையில் தவிட்டுத் தண்ணீர் வாளி. தபாலுக்கு முன்னால் வைத்தார். அது குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அதுக்கு ஓடணும்னு இருந்திருக்கு," என்றார். மாட்டிடம் சொல்கிறாரா என்னிடமா என்று தெரியவில்லை.

"ஆமா அத்தை."

"காதைப் பாத்தா தெரியல."

"தெரியாது அத்தை."

என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் பார்த்த அதே மாதிரி, ஆனால் ரொம்ப நேரம்.

"அவ கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

அடக்கத்தன்று எல்லாரும் கேட்டார்கள். போதகரும் கேட்டார், பிரசங்கத்தில் சேர்க்க. நான் ஒன்றுமில்லை என்றேன். ஜெபக்கூட்டத்தில் சொல்லக்கூடிய வார்த்தையாக அது இல்லை.

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். தள்ளித் திறந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பஞ்சுக்கு நடுவில் இரண்டு சிவப்புக்கல் தோடு. கல்யாணத்துக்கு அவர் வாங்கிப் போட்டவை. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போவதற்கு முன்னால் நகையைக் கழற்றச் சொன்னார்கள். யாரையும் தொட விடாமல் அவளே கழற்றினாள். வலது காது லேசாக வந்தது. இடதுக்கு நேரமாயிற்று. என் கையில் வைத்து விரல்களை மூடினாள். கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"எடது திருகு லூசு. தொலைச்சிராதீங்க, அம்மா ஏசுவா."